நா நின்ற இடம்

கூதிர் கழிந்து முன்பனி தலைநீட்டும் பருவத்தில், மேலைக் குன்றுகளின் முதுகில் கதிரவன் சாய, கருவாலி மரங்களின் கடைசிச் செவ்விலைகள் காற்றின் கைப்பட்டுச் சுழன்று ஓடையில் வீழ, ஓடையோ அவற்றைக் கற்களிடையே நிறுத்தியும் விடுத்தும் விளையாடிக் கீழிறங்க, சரிவெங்கும் நாணற்பூக்கள் கடல்நுரைபோல் அலைமோத, அந்நுரைக்கு நடுவே கரையேறிக் கிடக்கும் பெரும்பாம்பு போல நீண்டு வளைந்து கிடந்தது அவ்வூரின் பானைச்சூளை. அதன் வால்முனையிலிருந்து எழுந்த புகை வான்நோக்கி ஏறாமல், ஈரக்காற்றின் எடையால் அழுந்திப் படர்ந்து, பள்ளத்தாக்கின் வாயைத் திரையிட்டு மூடியது. அத்திரைக்கு இப்பால், ஓர் ஆள் உள்ளே குந்தினால் வெளியே தெரியாத அளவுக்குப் பெருத்த தாழி ஒன்றன் வாய்க்குள் தன் தலையை நுழைத்து, ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள்.

அவள் பித்தியல்லள், படிப்போரே. தல்லே என்னும் அப்பெண் ஒரு சிறு சிக்கலை அவிழ்க்க முயன்றுகொண்டிருந்தாள். சிக்கல் இதுதான். அவளுடைய கூட்டத்தார் கிறித்துவின் வழி நிற்போர். தம் நம்பிக்கை இன்னதென்று தொகுத்துச் சொல்லும் நெடிய வேண்டுதல் ஒன்று அவர்களுக்கு உண்டு. நம் மொழியைப் போலவே அவர்கள் பேசும் கொரிய மொழியிலும் வினை இறுதியில்தான் வந்து நிற்கும். ஆகவே அவ்வேண்டுதலின் ஒவ்வொரு பகுதியும் படைத்தவரை, பிறந்தவரை, பாடுபட்டவரை, உயிர்த்தவரை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சென்று, ‘நம்புகிறேன்’ என்ற சொல்லில் முடியும். தல்லேக்கு அவ்வேண்டுதல் முழுவதும் தெரியும். ஓர் அசையும் பிறழாது. ஆயின் ஒவ்வொரு பகுதியிலும் இறுதிச் சொல்லுக்கு முன்னே அவள் நா நின்றுவிடும். தொண்டை அடைப்பதில்லை, அழுகை வருவதில்லை. கரையோரம் வந்த மாடு நீரைக் கண்டு கால் ஊன்றி நிற்பதுபோல் அது வெறுமனே நின்றுவிடும்.

இதில் வியப்பு என்னவென்றால், அதே சொல் பிற இடங்களில் அவளுக்குத் தடையின்றி வந்தது. ‘நாளை பனி விழுமென்று நம்புகிறேன்’ என்பாள். ‘நீ சொல்வதை நம்புகிறேன்’ என்பாள். வேண்டுதலுக்குள் வந்தால் மட்டும் வராது. ஆகவே அவள், பூட்டு ஒன்றைத் திறக்கப் பல திறவுகோல்களை இட்டுப் பார்ப்பவள்போல, ஒவ்வொரு வழியாக முயன்றாள். ஒரே மூச்சில் விரைந்து சொல்லிப் பார்த்தாள். விரைவு அச்சொல்லின் வாசலில் இடறி விழுந்தது. மண் மிதிக்கும்போது மிதிக்கொரு சொல்லாகச் சொன்னாள். அவ்விடம் வந்ததும் கால் மிதித்தது, வாய் மிதிக்கவில்லை. இறுதிச் சொல்லை முதலில் வைத்துத் தொடங்கினாள். அன்று வேண்டுதலே தொடங்கவில்லை. இப்போது தாழிக்குள் சொல்லிப் பார்த்தாள். வெற்றுத் தாழி, வாய்க்குள் வந்த ஒலியை வயிற்றில் உருட்டிப் பெருக்கித் திருப்பித் தரும் இயல்புடையது. மற்றொரு குரல் முன்னே செல்வதுபோல் ஒலித்தால், தன் குரல் அதன் பின்னே சென்றுவிடாதா என்று எண்ணினாள். தாழி, அவள் தந்ததையெல்லாம் பெருக்கித் தந்தது. அவள் தராததைத் தாழி எப்படித் தரும்?

அந்நா நின்ற வரலாற்றை இங்கே சொல்லிவிடுவது முறை. அப்பள்ளத்தாக்கினர் எவரும் பிறப்பால் குயவர் அல்லர். எழுதுகோல் பிடித்தவரும், நெல் விளைத்தவரும், மருந்து விற்றவருமாகிய அவர்கள், தங்கள் மறைக்காக வேட்டையாடப்பட்டு மலையேறிய பின்னரே மண் பிசையக் கற்றனர். பானைத்தொழிலைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அதற்கு வேண்டியவை களிமண்ணும் விறகும்தான்; இரண்டும் ஆளற்ற மலையிலேயே கிடைக்கும். குயவரைத் தாழ்ந்தோர் என்று உலகம் கருதியதால், உயர்ந்தோர் எவரும் அப்பக்கம் எட்டிப்பாரார். எல்லாவற்றிற்கும் மேலாக, பானை எவ்வீட்டிற்கும் வேண்டும். ஆகவே பானை சுமப்பவன் எவ்வூரிலும் நுழையலாம், எவ்வாயிலிலும் நிற்கலாம், ஒளிந்து வாழும் உறவினருக்கு எச்செய்தியையும் எடுத்துச் செல்லலாம்.

தல்லேயின் கணவன் மான்சிக், அங்கிருந்த சிறு கூட்டத்தின் தலைவன். மண்ணைப் பிசையும்போதே மறைநூற் செய்திகளைச் சொல்வது அவன் வழக்கம். திருத்தூதர் ஒருவர் தம் உடலில் தைத்த முள் ஒன்றை எடுத்துவிடுமாறு ஆண்டவரை மும்முறை வேண்டியதையும், ‘என் அருள் உனக்குப் போதும், உன் வலுவின்மையிலேதான் என் வலிமை நிறைவுறும்’ என்னும் பொருள்பட விடை வந்ததையும் ஒருநாள் சொன்னான்.

“அப்போ கேட்டது கிடைக்கலன்னு சொல்லுங்க,” என்றாள் தல்லே.

“கிடைச்சுதுடி. கேட்ட மாதிரி கிடைக்கல.”

“முள்ளு அப்படியேதான இருந்துச்சு?”

“அப்படியேதான் இருந்துச்சு.”

“நல்லாருக்கு உங்க சாமி கணக்கு!” என்று அவள் நகைக்க, அவனும் நகைத்து, மண்கட்டி ஒன்றை அவள்மேல் எறிந்தான்.

அதற்கடுத்த இளவேனிலில் படைவீரர் வந்தனர். ஏடுகளின் ஓரங்களில் குறித்திருந்த ஊர்களும் பெயர்களும் அவர்கள் கையில் சிக்காதிருக்க, மான்சிக் தன் கையாலேயே மறைநூல்கள் அனைத்தையும் எரிகின்ற சூளைக்குள் தள்ளினான். கோட்டத் தலைவனின் முற்றத்தில், கணைக்கால்களுக்கு இடையே இரு கழிகளைச் செருகி, எதிரெதிரே வளைத்து, ஒவ்வொருவரிடமும் ஒன்றையே கேட்டனர்: நம்புகிறாயா? மான்சிக் நம்புகிறேன் என்றான். மற்றவரும் அவ்வாறே சொன்னார்கள். தல்லேயின் கால் எலும்பு விரிசல் கண்டபோது, அவள் நம்பவில்லை என்றாள்.

கட்டவிழ்த்து அவளை வெளியே தள்ளும்போது, மான்சிக் அவளைப் பார்த்துச் சொன்னான்: “வீட்டுக்குப் போ, தல்லே. சூளையப் பாத்துக்கோ.”

அது பொறுத்தலா, புறந்தள்ளலா என்று அவள் அறியாள். கேட்டறிய அவனும் இல்லை. எல்லோரும் வெட்டுண்டபின், வளைந்த காலை இழுத்துக்கொண்டு அவள் மட்டும் திரும்பி வந்து, ஆளற்ற வீடுகளுக்கு நடுவே, சூளையைப் பார்த்துக்கொண்டாள்.

பின்னர் நேபோப் பகுதியிலிருந்து உயிர்தப்பிய சில குடும்பங்கள் அங்கு வந்து சேர்ந்தன. அவர்களுக்குள் முன்நின்றவளை ஊர்ப்பெயரால் நேபோக்காரி என்றே அழைப்பர். அக்குடிகள் தல்லேயிடம் கொடுமை காட்டவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். தினைக்கஞ்சியில் அவளுக்கும் பங்கு வைத்தனர். பானைகளுக்கு மெருகேற்றும் சாம்பற்பூச்சைக் கலக்கும் வேலையையும் தீ வளர்க்கும் வேலையையும் அவள் கைத்திறன் அறிந்து அவளிடமே விட்டனர். ஆயின் மறுதலித்தவரை அருள்தந்தை ஒருவர் பிழைபொறுத்து ஏற்றால்தான் மீண்டும் சேர்ந்து வேண்டலாம் என்பது அவர்கள் கைக்கொண்ட ஒழுங்கு. கடல்கடந்து வந்த தந்தையருள் ஒருவரும் உயிரோடில்லை. அவளை ஏற்க எவருக்கும் உரிமையில்லை. விலக்கிவைக்க எவருக்கும் வெறுப்புமில்லை. ஆகவே அவர்கள் வேண்டுதலுக்குக் கூடும்போது அவள் தானே எழுந்து சூளையருகே போய்விடுவாள். அவளுடைய திருமுழுக்குப் பெயரால் அவளை எவரும் அழைத்ததில்லை. சூளைக்காரி என்றனர். பல நாட்கள் அதுவுமின்றி, மோவாயை அசைத்தே வேலை சொல்லினர்.

அக்கூட்டத்தின் வேண்டுதலோ கந்தலாய் இருந்தது. அவர்களுடைய நூல்களும் எரிந்துபோயின, தலைவர்களும் இறந்துபோயினர். ஒருத்திக்குத் தொடக்கம் நினைவிருந்தது. ஒருவனுக்கு முடிவு நினைவிருந்தது. நடுவே எது முன், எது பின் என்று தெரியாமல், அவ்வப்போது வேண்டுதல் வாக்குவாதமாகி நின்றுபோகும். சூளையருகே அமர்ந்திருக்கும் தல்லேயின் காதில் அத்தவறுகள் ஒவ்வொன்றும் விழும். திருத்திச் சொல்ல அவளுக்கு வாயில்லை. கேட்க அவர்களுக்கு மனமில்லை. அவளோடு அவ்வேண்டுதல் மண்ணுக்குள் போய்விடும் என்பதை இரு சாராரும் அறிந்திருந்தனர்.

அன்று தாழிக்குள் இருந்து தலையை வெளியே எடுத்தபோது, தொல்சே நின்றுகொண்டிருந்தான். பானைகளை மரச் சுமைச்சட்டத்தில் அடுக்கி முதுகில் ஏற்றி ஊரூராகச் செல்பவன் அவன்; அம்மறையைச் சேர்ந்தவன் அல்லன். அவளோடு வாய்விட்டுப் பேசும் ஒரே உயிர் அவன்தான்.

“என்னக்கா, தாழிக்குள்ள எலி விழுந்துருச்சா? இல்ல, நீயே விழப்போறியா?”

“விழுந்தா நீயே தூக்கிட்டுப் போய் வித்துரு.”

“உப்புப் போட்டு ஊறவச்சுத்தான் விக்கணும். சும்மா குடுத்தாக்கூட ஒன்னைய எவ வாங்குவா?”

“ஒன்னைய மட்டும் வாங்குவாளுகளோ? இத்தனை ஊரு சுத்துற, ஒருத்தியாச்சும் திரும்பிப் பாத்தாளா?”

“பானையத்தான் பாக்குறாளுக. பானைக்குக் கீழ ரெண்டு காலு இருக்கிறதே அவளுகளுக்குத் தெரியாது.” அவன் தாழியின் விளிம்பில் விரலால் சுண்டி, எழுந்த ஒலியைச் சற்றே கேட்டு நின்றான். “அதப் பத்தித்தான்க்கா எனக்கும் ஒரு மனக்கொற. ஒங்க ஆளுகளோட சேதிய எல்லாம் நாந்தான் சொமக்குறேன். புடிபட்டா என் கழுத்துந்தான் போகும். ஆனா சாமி கும்புட ஒக்காந்ததும், ‘தொல்சே, போய் வெறகப் பாரு’ங்கிறாங்க. ஒன்னையும் வெளிய வச்சாச்சு, என்னையும் வெளிய வச்சாச்சு. வெயில்ல காயப்போட்ட சோடிப் பானை நாம.”

தல்லே நகைத்தாள். அவன் போனபின் அந்நகைப்பின் வெம்மை சிறிது பொழுது அவளிடம் தங்கியது. பின்னர் அதுவும் ஆறியது.

குளிர்காலத்துக்கான கிம்சி என்னும் காய்கறி ஊறுகாயை ஊறவைக்கும் நாட்கள் நெருங்கின. வீடுதோறும் முட்டைக்கோசும் முள்ளங்கியும் மலைபோல் குவிய, அவற்றை ஏந்தப் புதுச் சாடிகள் வேண்டுமென்று கீழூர்கள் எல்லாம் கேட்டன. பானை சுமப்பது வெறும் வலிமையின் வேலையன்று. நிறையின் நடுவிடம் சுமப்பவனின் இடுப்புக்கு நேர்மேலே நிற்க வேண்டும், அவ்விடம் உயர உயரச் சிறு சாய்வும் பெருவீழ்ச்சியாகும். தொல்சே இதை எவரினும் நன்கறிந்தவன். அறிந்திருந்தும், இன்னொரு நடை மிச்சமாகட்டும் என்று, அடுக்கின் உச்சியில் மேலும் ஒரு சாடியை வைத்துக் கட்டினான். “கொக்கு மாதிரி போறேன் பாருக்கா,” என்று சொல்லி, ஊன்றுகோலை ஊன்றி இறங்கினான். காலைப் பனி வழிக்கற்களின்மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கண்ணாடியாய்ப் படிந்திருந்தது.

ஒரு பானை உடையும் ஒலி வேறு. ஓர் அடுக்கு உடையும் ஒலி வேறு. முன்னது கேட்டவுடன் முடிந்துவிடும். பின்னது முடிந்ததென்று நினைத்தபின்னும் சரிவில் உருண்டு உருண்டு ஒலித்துக்கொண்டே இருக்கும். தல்லே தன் வளைந்த காலை மறந்து ஓடினாள், வீழ்ந்தாள், எழுந்து மீண்டும் ஓடினாள். ஓடுகளின் நடுவே அவன் மல்லாந்து கிடந்தான். சுமைச்சட்டத்தின் முனை அவன் விலாவை உள்நோக்கி நொறுக்கியிருந்தது. அவள் கூவிய கூவல் கேட்டு வந்தவர்கள் அவனைத் தூக்கிச்சென்று, அருகிலிருந்த அவள் குடிலிலேயே கிடத்தினர். சூளையின் அடிவாயிலிருந்து வெப்பம் கல்வழியாக அக்குடிலின் தரைக்கடியில் ஓடுமாறு அமைக்கப்பட்டிருந்ததால், ஊரிலேயே வெதுவெதுப்பான தரை அதுதான்.

அவன் கண்விழித்ததும் கேட்டது, “பானை எத்தன தப்புச்சுது?”

“ஒண்ணுமில்ல. ஒரு மூடி மட்டும் ஒடையாம கெடந்துச்சு.”

“மூடியா!” அவன் நகைக்க முயன்றான், வாயோரம் குருதி நுரைத்தது. “இத்தன வருசம் சொமந்ததுக்கு மிஞ்சுனது மூடி.” மூச்சை எட்டிப் பிடித்து எட்டிப் பிடித்து மீண்டும் பேசினான். “அக்கா, வெறகப் பாருன்னு இனிமே என்னைய யாரும் சொல்ல முடியாது. என்னையும் உள்ள சேத்துக்கச் சொல்லு.”

தல்லே நேபோக்காரியை அழைத்துவந்தாள். நேபோக்காரி கிண்ணத்தில் நீரோடு வந்து, அவன் மூச்சின் ஓசையைக் கேட்டு, எஞ்சியிருக்கும் பொழுது சிறிதென்று உணர்ந்தாள்.

“தண்ணி நான் ஊத்துவேன். அந்தச் சொல்லு எனக்குத் தெரியும்,” என்றாள். “ஆனா அதுக்கு முன்னாடி, என்ன நம்புறோம்ங்கிறத அவன் வாயால முழுசாச் சொல்லணும். நாங்க அப்படித்தான் செய்வோம். சொல்லிக்குடுக்க ஆள் வேணும்.” பின்பு, அவ்வூருக்கு வந்த நாள்முதல் செய்யாத ஒன்றைச் செய்தாள், தல்லேயை நேருக்கு நேர் பார்த்தாள். “ஒனக்குத் தெரியும்ல?”

“தெரியும். ஆனா சொல்ல வராது.”

“என்ன வராது?”

“கடைசிச் சொல்லு.”

“எது? நம்புறே...” என்று தொடங்கிய நேபோக்காரி பாதியில் நிறுத்தினாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. “அது இல்லாம மத்தது எதுக்கு? உசுரில்லாத ஒடம்பு மாதிரில்ல இருக்கும். இல்லன்னு சொன்ன வாயி சொல்லிக்குடுத்து, அதுவும் கொறையாச் சொல்லிக்குடுத்து, இவனுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?”

“அதான் நானும் சொல்றேன். நான் வேண்டாம்,” என்று தல்லே எழப்போனாள்.

“அடடா,” என்றான் கிடந்தவன். “சாகுறது நானு. சண்ட ஒங்களுக்கா?” அவன் கண் நேபோக்காரியின்மேல் நின்றது. “நேபோ அக்கா, ஆத்தோரத்துல ஒங்க ஆளு வீட்டுல பானை எறக்குறப்போ ஒரு கத கேட்டேன். அந்த மீன்காரரு. பாறைன்னு ஒங்க ஆண்டவரே பேரு வச்சாரே, அவரு. ஆண்டவரப் புடிச்சுட்டுப் போன ராத்திரி, குளிர் காஞ்சுக்கிட்டு இருந்தப்போ, ‘நீயும் அவரு கூட இருந்தவன்தான’ன்னு ஒரு வேலைக்காரப் பொண்ணு கேட்டா. ‘எனக்கு அந்த ஆளத் தெரியவே தெரியாது’ன்னுட்டாரு. அவரு காலுக்கு நடுவுல எவனும் கழியக்கூட வக்கல. சும்மா கேட்டதுக்கே. நெசந்தான?”

“நெசந்தான்.”

“அவருகிட்டதான அப்புறம் ஆண்டவரு தன் ஆட்ட எல்லாம் மேய்க்கச் சொல்லி ஒப்படைச்சாரு?”

“அவரு வெளிய போய் அழுதாருடா.”

“இவ மட்டும்? தாழிக்குள்ள தலையவிட்டு என்ன பண்றான்னு நெனச்ச?”

நேபோக்காரி கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். வைத்தபின்னும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னைய யாரும் கேக்கவே இல்ல,” என்றாள் தாழ்ந்த குரலில். “கேக்க வர்றாங்கன்னு தெரிஞ்சதுமே ஓடி வந்துட்டேன். கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியாது.” பின்பு கீழே அமர்ந்து, தல்லேக்கு இடம்விட்டு நகர்ந்தாள். “எதுவரைக்கும் வருதோ, அதுவரைக்கும் சொல்லு.”

தல்லே அவன் தலைமாட்டில் அமர்ந்தாள். குடிலின் சுவர்த்தாளில் முற்பகல் வெயில் வெளிறிப் படிந்திருந்தது. விண்ணையும் மண்ணையும் ஒன்றுமில்லாமையிலிருந்து ஆக்கிய, எல்லாம் வல்ல தந்தையை என்று தொடங்கினாள். அவன் அவளைத் தொடர்ந்து, சொல்லுக்கொரு மூச்சாகச் சொல்லி வந்தான். இறுதிச் சொல்லின் வாசல் வந்தது. அவள் நா நின்றது. தன் முழு உயிரையும் திரட்டி உந்தினாள், அது அசையவில்லை. அந்த அமைதியில், தீயின் முணுமுணுப்பும் அவன் விலாவின் கரகரப்பும் மட்டுமே கேட்டன. தன்னோடு பேசிய ஒரே மனிதனும் தன் வாய்க்காகக் காத்திருக்கையிலும் தன்னால் இயலவில்லையே என்று அவள் தலை கவிழ்ந்தாள். அத்தகைய தனிமை அவளுக்குக் கோட்டத் தலைவனின் முற்றத்தில் இருந்த நாளிலும் இருந்ததில்லை.

தொல்சே காத்திருந்தான். அவள் சொல்லாமையை அவன் குறையென்று எண்ணவில்லை. சந்தையில் ஒருவன் விலைசொல்லி நிறுத்தினால் மற்றவன் விடைசொல்ல வேண்டுமென்று பழகியவன் அவன். இங்கே தன் முறை வந்துவிட்டதென்று கொண்டான்.

“நம்புறேன்,” என்றான்.

தல்லே தலைநிமிர்ந்தாள்.

இங்கே நிகழ்ந்ததைப் பொறுமையாக நோக்குவோம். அவள் அச்சொல்லையும் சொல்லியிருந்தால், மற்றச் சொற்களைப் போலவே அதையும் அவன் அவளிடமிருந்து வாங்கித் திருப்பித் தந்திருப்பான். குரல் அவனுடையதாக இருந்திருக்கும்; சொல் அவளுடையதாக இருந்திருக்கும். அவள் நின்றதால் அவ்விடம் வெறுமையாயிற்று. வெறுமையாயிருந்ததால், அவன் தன் உள்ளே சென்று, அங்கிருந்து அச்சொல்லைத் தானே எடுத்துவர வேண்டியதாயிற்று. ஒருவருக்கு ஊட்டி விடக்கூடாத ஒரேயொரு சொல் அதுதான். அதை ஊட்ட இயலாத வாய் ஒன்றே அவனுக்கு ஆசானாய் வாய்த்தது.

அவள் அடுத்த பகுதியைத் தொடங்கினாள். மகனை, கன்னியிடம் பிறந்தவரை, பாடுபட்டவரை, சிலுவையில் அறையுண்டு இறந்தவரை என்று சொல்லி, வாசலில் வந்து நின்றாள். இம்முறை அவள் உந்தவில்லை. “நம்புறேன்,” என்றான் அவன். அதற்கடுத்த வாசலில், அவனோடு நேபோக்காரியின் உதடும் அசைந்தது. பின்னர், கதவுக்கு வெளியே குளிரில் கூடிநின்ற மண் படிந்த ஆடவரும் பெண்டிரும் ஒவ்வொருவராகக் குரல் சேர்த்தனர். தங்கள் கந்தலின் எந்தெந்த இடத்தில் எந்தெந்த நூல் அறுந்திருந்தது என்பதை அவர்கள் அப்போதுதான் கேட்டறிந்தனர். அவன் குரல் மெலிய மெலிய, அவர்கள் குரல் அச்சொல்லைத் தாங்கிப்பிடித்தது. ஊட்டப்படாத சொல் ஆதலால், ஒவ்வொருவர் வாயிலும் அது வெவ்வேறாக ஒலித்தது.

நேபோக்காரி நீர் வார்த்தாள். நெற்றியில் வழிந்த நீரை அவன் நாவால் தொட்டுப் பார்த்தான்.

“சில்லுன்னு இருக்கு,” என்றான். சற்றுப் பொறுத்து, “அந்த மூடிய நீயே வச்சுக்கோக்கா. நல்ல மூடி,” என்றான். நண்பகல் ஆகுமுன் அவன் மூச்சு அடங்கியது. சுமக்கப் பழகிய அவன் தோள்கள், சுமையில்லாத நிலையிலும் சற்றே முன்வளைந்திருந்தன; அவற்றை நிமிர்த்தாமல் அப்படியே புதைத்தனர்.

அன்று மாலை தல்லே சூளையருகே தனியே அமர்ந்து அச்சொல்லை மீண்டும் முயன்றாள். வரவில்லை. மறுநாளும் வரவில்லை. இதை நான் மறைக்கப்போவதில்லை. மறைத்து, அவள் நா கட்டவிழ்ந்து பாடிற்றென்று எழுதினால் படிக்க இனிதாயிருக்கும், உண்மையாயிராது. அவள் வேண்டிய முள் எடுக்கப்படவில்லை. இனி அவளோடு வம்பு பேச ஆளும் இல்லை. எலி விழுந்ததா என்று கேட்பாரின்றித் தாழிகள் வரிசையாய்க் கிடந்தன.

ஆண்டவருக்குரிய நாளன்று, அவர்கள் கூடும் பொழுதில், அவள் வழக்கம்போல் எழுந்து போய்விட்டாள். நேபோக்காரி ஓடையைக் கடந்து சூளைவரை நடந்து வந்து, மூச்சிரைக்க நின்றாள்.

“பார்பாரா,” என்றாள்.

அது தல்லேயின் திருமுழுக்குப் பெயர். இறந்தோர் மட்டுமே அழைத்திருந்த அப்பெயரைக் கேட்டு, அவள் கையிலிருந்த விறகு நழுவியது.

“எந்திரி, வா. அன்னிக்குக் கேட்டதுல பாதி திரும்பவும் மறந்துபோச்சு.”

“என்னைய ஏத்துக்க ஒரு தந்தை வரலியே, அக்கா.”

“வந்தா அவர் ஏத்துக்குவாரு. நான் ஏத்துக்கிறேன்னு சொல்லல. ஒக்காந்து சொல்லிக்குடுன்னுதான் சொல்றேன்.”

“கடைசிச் சொல்லு இன்னும் வரல.”

“தெரியும்,” என்றாள் நேபோக்காரி. “அத நாங்க பாத்துக்கிறோம்.”

தல்லேயைப் பிழைபொறுத்து ஏற்கத் தந்தை ஒருவர் அப்பள்ளத்தாக்கிற்கு வருமுன் பல குளிர்காலங்கள் கழிந்தன. அத்தனை காலமும், எல்லோரும் அச்சொல்லைச் சொல்லும் அந்த நொடியில் அவள் மட்டும் வாய்மூடி, கைகளை மடியில் வைத்து, தனியே இருந்தாள்; அத்தனிமையை எவராலும் அவளிடமிருந்து வாங்கிக்கொள்ள இயலவில்லை. ஆயினும் அவளிடமிருந்து அவ்வேண்டுதல் முழுவதையும், ஓர் அசையும் பிறழாமல், அப்பள்ளத்தாக்கு கற்றுக்கொண்டது. கற்ற முறை எளிது. ஒவ்வொரு பகுதியையும் இறுதிச் சொல்லுக்கு முன்வரை தல்லே சொல்வாள், அங்கே நிறுத்துவாள், அச்சொல்லை மற்றவர்கள் சொல்வார்கள்.